ஒன்பது வயதுக் குழந்தைக்குப் போன ஒரு போன்

போன டிசம்பர் விடுமுறையில் மகன் தன் கூட்டாளிகள் நான்கு பேரை ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கக் கூப்பிட்டிருந்தான். பத்தாம் வகுப்புப் பையன்கள். பதினைந்து, பதினாறு வயது. ஒருவனுடைய தம்பிக்கு மட்டும் பன்னிரண்டு, அவனையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று அவன் அம்மா கேட்டிருந்தார், நானும் சரி என்று சொல்லியிருந்தேன். பீட்சா, கேரம், அப்புறம் பேஸ்மென்டில் பெரிய டிவியில் ஒரு படம், இதுதான் திட்டம். என்ன படம் என்று கேட்டேன். "டைம் டிராவல் காமெடிம்மா, பழைய படம்" என்றான். பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்: ஹாட் டப் டைம் மெஷின்.

2010 மார்ச்சில் வந்த படம். அது வந்தபோது இவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் பார்த்ததில்லை. பெயரை மட்டும் எங்கேயோ கேட்ட ஞாபகம். தேடிப் பார்த்தால் அமெரிக்க ரேட்டிங்கில் 'ஆர்' என்று இருந்தது. உடனே முடியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் பல விஷயங்கள் முடிந்திருக்கின்றன. ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்குக் காரணம் இல்லாமல் முடியாது என்று சொன்னால் அவன் அதே படத்தை வேறொரு வீட்டு பேஸ்மென்டில் பார்ப்பான், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் இரண்டு நாள் டைம் கொடு, நான் முதலில் பார்க்கிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தான். பரவாயில்லை.

இங்கே நியூ ஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும் இந்த ஊர் ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது என்று நான் உட்கார்ந்து படித்ததே இல்லை. இந்தச் சாக்கில் படித்தேன். ஊரில் இருக்கிற தணிக்கை வாரியம் அரசாங்கத்தினுடையது, சான்றிதழ் இல்லாமல் தியேட்டரில் படம் ஓட்ட முடியாது. இங்கே அப்படி இல்லை. படம் எடுக்கிற பெரிய நிறுவனங்களின் சங்கம் 1968 நவம்பரில் தானாக ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. பார்த்து மதிப்பிடுகிற குழுவில் உட்காருகிறவர்கள் பிள்ளை வளர்க்கிற சாதாரணப் பெற்றோர்கள். 'ஆர்' என்றால் பதினேழு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் பெற்றோரோ பெரியவர்களோ கூட இருந்தால்தான் தியேட்டருக்குள் போகலாம். தடை என்று சொல்ல முடியாது. கூட ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது, பின்னால் திரும்ப வருகிறேன்.

நடுவில், பதின்மூன்றுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூடுதலாக எச்சரிக்கிற 'பிஜி-13' வந்த கதை இன்னும் சுவாரசியம். 1984 வரைக்கும், பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று மட்டும் சொல்கிற சாதாரண பிஜிக்கும் ஆருக்கும் இடையில் எதுவும் கிடையாது. அந்த வருடம் கோடையில் வந்த இரண்டு படங்கள் குழந்தைகளை அழைத்துப்போன பெற்றோரைக் கலங்கடித்துவிட்டன. ஒன்றில் ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கி எடுக்கிற காட்சி. இரண்டுமே பிஜி. அதில் ஒன்றை இயக்கி மற்றொன்றைத் தயாரித்த ஸ்பீல்பெர்க்கே நடுவில் ஒரு படி வேண்டும் என்று சொல்ல, ஜூலையில் பிஜி-13 வந்தது. கெட்ட வார்த்தைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இங்கே பையன்கள் பஸ்ஸில் சர்வசாதாரணமாகச் சொல்கிற அந்த நாலெழுத்து வார்த்தை, வெறும் வசவாக ஒரு தடவை வந்தால் பிஜி-13 கிடைக்கலாம். ஒன்றுக்கு மேல் போனாலோ, உடலுறவைக் குறித்துச் சொன்னாலோ, பொதுவாக ஆர்தான். குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கொண்டால் தளர்த்தலாம். எண்ணிப் பார்க்கக்கூடியதை எண்ணுகிறார்கள்.

இந்தப் படத்துக்கு ரேட்டிங்கோடு சேர்த்து எழுதியிருக்கிற காரணம் இதுதான்: ஆபாசமான, பாலியல் சம்பந்தமான கடுமையான காட்சிகள், நிர்வாணம், போதைப்பொருள், படம் முழுக்கக் கெட்ட வார்த்தை. நாலு விஷயம். சரி, இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று ஒரு வியாழக்கிழமை ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்க்கும்போது எனக்குக் கோவில்பட்டி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 1986இல் எனக்கு எட்டு வயது. சித்தி மகள் சடங்கு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் போட்டார்கள். பெரிய மாமா டெக்குக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிப்பிடிக்கிற காட்சி வந்தால் பின்னாலிருந்து ஏதாவது ஒரு பெரியம்மா "ஓட்டு, ஓட்டு" என்பார்கள், மாமா பொத்தானை அமுக்குவார், திரையில் கோடு கோடாக ஓடும், நாங்கள் பிள்ளைகள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே கண்ணை இடுக்கிப் பார்ப்போம். அதே படத்தில் கதாநாயகன் வேண்டாம் என்று சொல்லுகிற பெண்ணின் பின்னாலேயே போய், வழிமறித்து, கையைப் பிடித்து இழுத்துக் காதல் பண்ணுவான். கூடவே இரட்டை அர்த்த வசனம். அதை ஒருத்தரும் ஓட்டச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெண் முறைத்தால் ஆசை என்று அர்த்தம் என எட்டு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓட்டிவிட்ட காட்சி இல்லை, ஓட்டாமல் விட்ட காட்சி. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒருத்தன் சைக்கிளில் பின்னால் வந்தபோது இது பயப்பட வேண்டிய விஷயமா, பெருமைப்பட வேண்டிய விஷயமா என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். நாற்பதை ஒட்டின வயதில் மூன்று நண்பர்கள். ஒருத்தனுக்குக் காதலி வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டாள். ஒருத்தன் பாடகனாக ஆசைப்பட்டு, நாய் குளிப்பாட்டுகிற கடையில் வேலை பார்க்கிறான், மனைவி தனக்குத் துரோகம் செய்தாள் என்று தெரிந்தும் அவளை விட முடியாமல் இருக்கிறான். மூன்றாமவன் லூ, குடிகாரன், வாயைத் திறந்தால் அசிங்கம். இவர்களோடு முதலாமவனின் சகோதரி மகன், இருபது வயது, பேஸ்மென்டில் கம்ப்யூட்டரே கதி என்று கிடப்பவன். நண்பர்கள் மூவரும் இளமையில் கும்மாளம் போட்ட பனிச்சறுக்கு விடுதிக்கு நால்வருமாகப் போகிறார்கள், அது இப்போது பாழடைந்து கிடக்கிறது. ராத்திரி சுடுதண்ணீர்த் தொட்டியில் குடித்துக் கூத்தடிக்க, ஏதோ ரஷ்ய பானம் அதன் மேல் கொட்டி, விழித்துப் பார்த்தால் 1986. மற்றவர்கள் கண்ணுக்கு அந்த மூன்று நண்பர்களும் இருபது வயதுப் பையன்கள், கண்ணாடியிலும் அப்படித்தான் தெரிகிறது. பார்க்கிற நமக்கு மட்டும் நடுவயது ஆட்களாகவே தெரிகிறார்கள்.

சிரிப்பு வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விடுதியில் பெட்டி தூக்குகிற ஒருவருக்கு 2010இல் ஒரு கை இல்லை. 1986க்குப் போனால் இரண்டு கையும் இருக்கிறது. எப்போது போகும், எப்படிப் போகும் என்று லூ அவர் பின்னாலேயே காத்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் மயிரிழையில் தப்பிக்கிறது. லிப்ட், ரம்பம், இப்படி. இரவு பதினொன்றரைக்குத் தனியாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வேடத்தில் வருகிற கிறிஸ்பின் குளோவர்தான் 1985இல் வந்த பேக் டு தி பியூச்சரில் கதாநாயகனின் அப்பாவாக நடித்தவர். அதை நினைத்தும் சிரித்தேன்.

பேக் டு தி பியூச்சரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதை என் இரண்டு பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிஜி. எல்லோரும் குடும்பத்தோடு பார்க்கிற படம். அதில் பள்ளிக்கூட நடன நிகழ்ச்சி அன்றைக்கு, வெளியே நிற்கிற காருக்குள் ஒரு ரௌடிப் பையன் அந்தப் பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். நான் மறந்தே போயிருந்தேன். அந்தக் காட்சி வந்தபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் கடைசியில் அதே ரௌடி அந்தக் குடும்பத்துக் காரை மெழுகு போட்டுத் துடைக்கிறவனாக வீட்டு வாசலில் நிற்கிறான், எல்லோரும் சகஜமாகச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அவனைத் தினமும் வாசலில் பார்க்க எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கெட்ட வார்த்தைக் கணக்கு, உடம்பு தெரிகிற கணக்கு எல்லாம் சரியாக இருந்ததால் அது பிஜி. அந்தப் படத்தை நான் கெட்ட படம் என்று சொல்லவில்லை, இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ரேட்டிங் எழுத்தை மட்டும் பார்த்து ஒன்றை உள்ளே விட்டு ஒன்றை வெளியே நிறுத்துவது எவ்வளவு ஓட்டை என்பதற்குத்தான் சொல்கிறேன்.

மறுபடியும் வியாழக்கிழமை ராத்திரிக்கு. ரேட்டிங்கில் எழுதியிருந்த நாலும் அப்படியே இருக்கின்றன. பெண்கள் மேலாடை இல்லாமல் வருகிறார்கள், படுக்கைக் காட்சிகள் உண்டு, போதை உண்டு, கெட்ட வார்த்தை மழை. பதினைந்து வயதுப் பையன் இவற்றைப் பார்த்துக் கெட்டுப்போவான் என்று எனக்குப் பயம் வரவில்லை. அந்தக் காட்சிகளில் ஏதோ ஒரு சங்கடம் இருந்தது, அது நடுவயது ஆளும் இளம்பெண்ணுமாக நம் கண்ணுக்குத் தெரிவதால் வந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

அப்போதுதான் அந்தப் போன் காட்சி வந்தது. நாய்க் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு, நிக்குக்கு, 1986லும் மனைவி நினைப்புதான். அவள் 2010இல் செய்த துரோகம் மனதை அரிக்கிறது. போதையில் போனை எடுத்து அவள் வீட்டுக்குப் போடுகிறான். எடுப்பது அவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது. தன் அறையில் நிற்கிற குழந்தை. அந்தக் குழந்தையிடம் அவன் அழுகிறான், கத்துகிறான், நீ என்னை ஏமாற்றுவாய் என்று கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். குழந்தை ஒன்றும் புரியாமல் மிரண்டு போய் அழுகிறது. இது படத்தில் நகைச்சுவைக் காட்சி.

என் மகளுக்கும் ஒன்பது வயதுதான். அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள், இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, அவள் தினமும் அந்நேரத்துக்கு எழுந்து வருவாள். காலுறை போட்ட காலைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் படத்தை நிறுத்தினேன். திரையில் ரிசீவரைப் பிடித்தபடி அந்த ஆள் முகம் கோணிப்போய் உறைந்திருந்தது. "அந்த மாமா ஏன் அழுறாங்க?" என்றாள். போனில் யாரோடோ சண்டை என்றேன். "யாரோட?" என்றாள். பதில் சொல்லாமல் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் படத்தைத் தொடரவே முடியவில்லை.

ரேட்டிங் காரணத்தில் இந்தக் காட்சி எங்கே வருகிறது என்று யோசித்தேன். "படம் முழுக்கக் கெட்ட வார்த்தை" என்பதற்குள் அடங்கிவிடுகிறது. அவன் சொன்ன வார்த்தைகள் கணக்கில் இருக்கின்றன. மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை கணக்கில் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் அப்படியே விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, ஆணும் ஆணும் என்றாலே அருவருப்பு என்பதை வைத்துப் பண்ணுகிற நகைச்சுவை. ஒரு பந்தயத்தில் தோற்றால் இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்ய வேண்டும் என்று வருகிறது, அதை வைத்து நீளமாக ஒரு காட்சி, கூடவே அந்த வகை வசவுகள். 2010இல் அமெரிக்காவில் இது சாதாரணமாகப் போயிருக்கலாம். ஆனால் மகனோடு வரப்போகிற நாலு பேரில் ஒரு பையன் அவன் இயல்பு என்ன என்பதை இந்த வருடம்தான் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறான். மகன் என்னிடம் யாரிடமும் சொல்லாதே என்று சொன்ன விஷயம், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. இருட்டில் மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அந்தப் பையனும் கூடச் சிரித்தாக வேண்டும். அதை நினைத்தபோதுதான் ராத்திரி ஒரு மணிக்கு எனக்குக் கண் கலங்கியது.

மற்றது, படத்தின் ஆரம்பத்திலேயே லூ தன் வீட்டுக் கராஜில் சுயநினைவில்லாமல் கிடக்கிறான். தற்கொலை முயற்சி என்று டாக்டர்களும் நண்பர்களும் நினைக்கிறார்கள். அவன், இல்லவே இல்லை, குடிபோதையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், தெரியாமல் நடந்துவிட்டது என்கிறான். அவனைத் தனியே விடக்கூடாது என்றுதான் இந்தப் பயணமே. ஆனால் ஆஸ்பத்திரிக் காட்சியிலிருந்தே எல்லாம் கூத்து.

இதையெல்லாம் பார்த்த பிறகும் படத்தில் நல்லதே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடந்த காலத்தில் எதையும் மாற்றக்கூடாது, மாற்றினால் எதிர்காலம் குலைந்துவிடும் என்பதால் அன்றைக்குச் செய்ததையெல்லாம் அப்படியே திரும்பச் செய்யவேண்டும் என்று இவர்கள் முடிவெடுக்கிறார்கள். அதன்படி நிக் அன்றைக்குப் பழகின பெண்ணோடு மறுபடியும் இருந்தாக வேண்டும். முடியவில்லை அவனால். இன்னும் கல்யாணமே ஆகாத மனைவியை நினைத்து அழுகிறான். சிரிப்புக்காக எடுத்த காட்சிதான், ஆனால் அந்த அழுகையில் ஒரு உண்மை இருக்கிறது. அப்புறம் லூ. அன்றைக்கு விடுதிக் காவல் பையன்களிடம் அவன் அடிவாங்கியபோது நண்பர்கள் துணைக்கு வருகிறோம் என்று சொல்லி வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. இத்தனை வருடம் இவனுக்குள் கிடந்தது அடியின் வலி இல்லை, அவர்கள் வரவில்லை என்பதுதான். இந்த இடத்தில் படம் ஒரு நிமிடம் நின்று பேசுகிறது.

ஆக இது நாற்பது வயது ஆட்களின் வருத்தத்தைப் பற்றின படம். எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் நன்றாகப் புரியும். பதினைந்து வயதுக்கு அந்த வருத்தம் பிடிபடாது. மிச்சம் கையில் நிற்பது கூத்தும் அசிங்கமும் மட்டும்தான். கடைசியில் லூ 1986லேயே தங்கி, வரப்போவது எல்லாம் முன்கூட்டித் தெரியும் என்பதால் பெரிய பணக்காரனாகி, மற்ற மூவர் வாழ்க்கையும் மாளிகையும் காருமாக மாறிவிடுகிறது. மனதில் கிடந்த காயத்துக்கெல்லாம் பணம்தான் மருந்து என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

வெள்ளிக்கிழமை காலையில் மற்ற அம்மாக்களுக்குப் போன் பண்ணினேன். ஒருத்தர் குஜராத்தி, அய்யய்யோ வேண்டவே வேண்டாம் என்றார், காரணம் நிர்வாணம். ஒருத்தர் இந்த ஊர்க்காரர், கல்லூரி நாட்களில் பார்த்தாராம், "பசங்க இதைவிட மோசமா எல்லாம் போன்லயே பார்த்தாச்சு" என்றார். நம் ஊர்க்காரர், அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் அம்மா, "நீங்க எது சொன்னாலும் சரிக்கா" என்று விட்டுவிட்டார். மூவரிடமும் நான் அந்தப் போன் காட்சியைச் சொன்னேன். மூவருமே ஒரு நொடி பேசவில்லை. போனில் எல்லாம் பார்த்தாச்சு என்பது உண்மைதான், ஆனால் தனியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும், நம் வீட்டுப் பெரிய டிவியில், நாம் வாங்கிக் கொடுத்த பீட்சாவோடு, கூட்டமாகப் பார்ப்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் நாம் சம்மதம் கொடுத்திருக்கிறோம்.

மகனிடம் சொன்னேன். அன்றைக்கு வேண்டாம், அந்தச் சின்னவன் இருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். ஜனவரியில் நீ, நான், அப்பா மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். "அம்மா அப்பா கூட உட்கார்ந்து அதையெல்லாம் பார்க்கணுமா?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். கூச்சம் எனக்கும் இருக்கும், இருந்தாலும் பார்ப்போம் என்றேன். முதலில் சொன்னேனே, 'ஆர்' என்றால் கூட ஆள் வேண்டும் என்று, அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிரிட்டனில் இதே படத்துக்குப் பதினைந்து வயதுச் சான்றிதழ்தான், அங்கே பதினைந்து நிரம்பிய பையன் தனியாகவே தியேட்டருக்குப் போயிருக்கலாம். இந்தியாவில் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்கிற யுஏவையே 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஓடிடிக்கு 2021 விதிகளிலேயே அந்தப் பிரிவு வந்தாயிற்று, 13க்கு மேல் என்று போட்டாலே பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும். ஊரில் இருக்கிற தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால் முதலில் அந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள், அது பாதி வேலை. இன்னொன்று, இந்தப் படத்துக்குத் தியேட்டரில் வந்ததைத் தவிர, ரேட்டிங்கே வாங்காத பதிப்பு ஒன்றும் டிஸ்க்கில் வந்தது. எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பதின்மூன்று, பதினான்குக்கு வேண்டாம். பதினைந்து, பதினாறுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் ரிமோட் இருந்தால் பார்க்கலாம். மாமா மாதிரி ஓட்டுவதற்கு இல்லை அந்த ரிமோட். நிறுத்துவதற்கு.

ஜனவரியில் பார்த்தோம். சின்னவளைத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். படுக்கைக் காட்சிகளில் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தோம், ஓட்டவில்லை, அது பாட்டுக்கு வந்து போனது. கை போகிற காட்சிகளில் அவனும் அவன் அப்பாவும் சோபாவிலிருந்து விழாத குறை. போன் காட்சியில் நான் நிறுத்தினேன். ஒன்றும் சொல்லவில்லை, நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ம பாப்பா வயசு" என்றான். ஆமாம் என்றேன். பந்தயக் காட்சியில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அவனே போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான், அது முடிகிறவரை தலையைத் தூக்கவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் போடாதது நல்லதுதான் என்று மெதுவாகச் சொன்னான். யாரை நினைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியும், அவன் அப்பாவுக்குத் தெரியாது, நாங்கள் இருவரும் அதோடு விட்டுவிட்டோம்.

படம் முடிந்து அவர் படுக்கப் போய்விட்டார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகன் வந்து பிரிட்ஜில் சாய்ந்து நின்றான். "அம்மா, அந்த லூ, அவன் நிஜமாவே சாகத்தான் பார்த்தானா? இல்ல, அவன் சொன்ன மாதிரி தெரியாம நடந்துச்சா?"

எனக்கு எப்படித் தோன்றுகிறது என்று சொன்னேன். அவன் இல்லை இல்லை என்கிறான், ஆனால் அவனோடு பேச யாருமே இல்லை என்பதைத்தான் படம் முழுக்கக் காட்டுகிறார்கள், அதனால் எனக்கு அவன் சொன்னது நம்பிக்கையாக இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி லீவு அட்டவணை, பல் டாக்டர் நம்பர், மன உளைச்சலுக்கு இந்த நாடு முழுக்க ஒரே நம்பராக 2022இல் வந்த 988. போன வருடம் நான் ஒட்டியது. ஊரில் அதே மாதிரி 14416 இருக்கிறது.

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் லஞ்ச்ல சொன்னான்மா. இருந்து என்ன பிரயோஜனம்னு. அப்புறம் எல்லாரும் பார்த்ததும் சும்மா ஜோக்குன்னு சொல்லிச் சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம்."

அடுப்பை அணைத்தேன். எப்போது என்று கேட்டேன். போன வாரம் என்றான். அதற்கப்புறம் யாராவது அவனிடம் பேசினீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். பள்ளியில் கவுன்சிலரிடம் திங்கட்கிழமை நான் சொல்கிறேன், அவன் அம்மா நம்பர் உன்னிடம் இருந்தால் இப்போதே கொடு என்றேன்.

"தரேன். முதல்ல நான் அவன்கிட்டப் பேசட்டுமா? நீ இங்கயே இரு, போயிடாத."

மணி பத்தே முக்கால். அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து போன் போட்டான். நான் சமையலறையிலேயே நின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது. அப்புறம் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.